அனுப்புநர்: பேச்சிக்கனி

அளத்துமேட்டுக்குக் கிழக்கே, கழிமுக ஓடையைத் தாண்டி, உப்புப் பாத்தி வெட்டக்கூட லாயக்கில்லை என்று முதலாளிமார் கைவிட்டுப் போன களர் நிலத்தில், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஊர் இருந்தது. திங்கட்கிழமை அது இல்லை. உப்பு வாரப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "எவனோ வீடு கட்டி விக்கான் போலுக்கு" என்று சொல்லிக்கொண்டே நடையை எட்டிப் போட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்க வேண்டும். ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், வெண்ணெய் மாதிரி தார்ச்சாலை, கம்பத்துக்குக் கம்பம் விளக்கு, தெருமுனைக்குத் தெருமுனை குழாய், குழாயைத் திறந்தால் கொட்டுகிற நல்ல தண்ணீர், மூடி போட்ட சாக்கடை, வழியாத குப்பைத்தொட்டி, கடிக்காத நாய், கொசுவே இல்லாத அந்தி, நிழற்குடை போட்ட பேருந்து நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குச் சொன்ன நேரத்துக்கு ஒரு பேருந்து வந்து, ஏற ஆளில்லாததால், யாரையும் ஏற்றாமல் மரியாதையாக நின்றுவிட்டுப் போயிற்று. எல்லாம் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. ஊர் முகப்பில் ஒரு பச்சைப் பலகை, அதில் மூன்றே ஆங்கில எழுத்துகள், மூன்றும் ஒய்.

மற்றவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தபோது பேச்சிக்கனி மட்டும், "இது நம்ம கடுதாசில வர ஊருல்லா!" என்றாள். கல்யாண வீட்டில் சொந்தக்காரரை அடையாளம் கண்ட மாதிரிதான் சொன்னாள். அந்த ஊர்ப் பெயரை அவள் தினமும் சாயங்காலம் எழுதி எழுதித்தான் விரல் காய்த்திருந்தாள்.

பேச்சிக்கனி பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தவறியவள். தவறிய கையோடு உப்பளத்தில் இறக்கிவிட்டார்கள், கல்யாணம் செய்துவைத்தார்கள், அவளும் பாதம் வெடித்து, கண் கூசி, முப்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டாள். இப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகப் போகிறது, பத்தாவது தேறியிருந்தால் போதும் என்று தகவல் வந்தது. உப்பிலிருந்து கரையேற அதைவிட்டால் வேறு படி கிடையாது. அதனால் தனித்தேர்வு எழுதுவதென்று முடிவு கட்டி, செல்வின் டியூசன் சென்டரில், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

செல்வின் பி.ஈ. முடித்துவிட்டு, சென்னையில் வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்து, ஊர் திரும்பி, அம்மா வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு டியூசன் நடத்துகிற பையன். 'ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று வாசலில் பலகை மாட்டியிருந்தான். அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனைச் சார் என்பாள். இலக்கணம் புரியாதவர்களைக் கரையேற்ற அவனிடம் ஒரே ஒரு தோணி இருந்தது, அதன் பெயர் மனப்பாடம். அதிலும் கடிதம். தெருவில் குடிநீர் வரவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு ஒரு புகார்க் கடிதம் உருப்போட்டுவிட்டால், விளக்குக்கும் சாக்கடைக்கும் கொசுவுக்கும் பேருந்துக்கும் அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மாடியில் பிள்ளைகள் அதைக் கோயில் பஜனை மாதிரி ராகம் போட்டுச் சொல்வார்கள், கீழே போகிற ஆடுகள்கூட நின்று கேட்டுவிட்டுப் போகும்.

"அனுப்புநர் இடத்துல உங்க பேரு வரவே கூடாதுக்கா" என்று முதல் நாளே செல்வின் சொல்லியிருந்தான். "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போடணும். ஊருக்கு ஒய் ஒய் ஒய். சொந்தப் பேரை எழுதினா, திருத்துறவருக்கு ஆளைக் காட்டிக் குடுத்ததா ஆயிரும். பேப்பரே செல்லாது."

"அப்போ தண்ணி யாருக்கு வரலன்னு எழுதுதோம் சார்?"

"எக்ஸ் எக்ஸ் எக்ஸுக்கு."

"நம்ம தெருவுலயும்தான வரல?"

"அது சிலபஸ்ல இல்லக்கா" என்றான் செல்வின்.

ஆகவே அந்த ஊர் எப்படி வந்தது என்று அளத்துமேட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. காலங்காலமாக, மாவட்டம் மாவட்டமாக, லட்சம் லட்சமாய்ப் பிள்ளைகள் வியர்த்து விறுவிறுத்து, பேனா மை கசிய, அந்த ஊருக்குத் தண்ணீர் வேண்டும் விளக்கு வேண்டும் பேருந்து வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? "அழுதது பூராம் நம்ம பிள்ளையொ, குடிச்சது எவனோ" என்று சொர்ணம் மதினி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். அவள் பேச்சிக்கனிக்குப் பக்கத்து வீடு, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

ஒரே வாரத்தில் ஊர் பழகிவிட்டது. வார்டு கவுன்சிலர் வந்து, தான் போடாத சாலைக்கு ரிப்பன் வெட்டினார். கோயில்காரர்கள் ஒரு மனை கேட்டார்கள், சபைக்காரர்கள் இரண்டு கேட்டார்கள். ஓடைப் பாலத்தடியில் ஒருவன் டீக்கடை போட்டான். பெண்கள் குடத்தோடு படையெடுத்தார்கள், பிடித்தார்கள், இடுப்பில் ஏற்றினார்கள், பேசிக்கொண்டே நடந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் குடத்துத் தண்ணீர் உப்பாகிப் போனது. ருசி பார்த்துவிட்டு, "அது அந்த ஊர்த் தண்ணி, நமக்கு எப்பிடி இனிக்கும்" என்று ஓடையில் கொட்டிவிட்டு, பழையபடி தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

வீடுகளும் அப்படித்தான். கதவுக்குக் கதவு மூன்று எக்ஸ் போட்ட பலகை. தட்டினால் உள்ளேயிருந்து, "யாரு?" என்று ஒரு குரல் கேட்கும். நான்தான் இன்னார் என்று சொன்னால் சத்தமே இராது. புரோட்டாக் கடை ஆவுடையப்பன் ஒருநாள் அந்திக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போய், கையிலிருந்த ரம் பாட்டிலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தே, "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்" என்று சொல்லித் தொலைத்தான். கதவு திறந்துகொண்டது. உள்ளே மின்விசிறி, கட்டில், அடுப்படியிலேயே குழாய். காலையில் வெளியே வந்தவனை, "என்ன ஆவுடையப்பண்ணே?" என்று கூப்பிட்டால் அவன் திரும்பவில்லை. "பேரா? அது எதுக்கு? தண்ணி வருதுல்லா" என்றான். நாலு பேர் யோசித்துப் பார்த்தார்கள். பட்டா வாங்க நடக்கிற நடைக்குப் பெயரைக் கொடுத்து வீடு வாங்குவது ஒன்றும் மோசமில்லை என்று பட்டது. அடுத்த ஞாயிறு முதல் மூட்டை முடிச்சு கட்ட ஆரம்பித்தார்கள்.

பேச்சிக்கனியின் புருஷன் தவசி, உப்பு லாரியில் சுமை ஏற்றுகிறவன். "வா ஏட்டி, போயிருவோம்" என்றான்.

"நான் வரல."

"பேருல என்னட்டி இருக்கு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அளத்தில் கங்காணி அவளை மூணாம் பாத்தி என்பான். வீட்டில் தவசி ஏட்டி என்பான். டியூசனில் சின்னதும் பெரியதும் அக்கா. பேச்சிக்கனி என்று முழுசாக அவள் பெயர் இருந்தது தேர்வுக்கு வந்த ஹால் டிக்கெட்டில் மட்டும்தான். அதை அவள் முந்தானையில் முடிந்து, அவிழ்த்து, பார்த்து, மறுபடி முடிந்து வைத்திருந்தாள். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கலாம். நீங்க போங்க" என்றாள். அவன் போனான். அவன் தன் பெயரை மறந்துவிட்டான் என்பது அவளுக்கு மறுநாளே தெரிந்தது, அவள் பெயரையும் மறந்துவிட்டான் என்பது தெரிய வெகுநாளாயிற்று. எப்போது கூப்பிட்டிருக்கிறான், இப்போது கூப்பிடவில்லை என்று கண்டுபிடிக்க?

மாசியில் ஆவுடையப்பன் செத்துப்போனான். நெஞ்சுவலி. அந்த ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள், பளபளவென்று அவன் படம் போட்டு, கீழே கொட்டை எழுத்தில் மூன்று எக்ஸ். பேச்சிக்கனி துக்கத்துக்குப் போனாள். வட்டம் போட்டு உட்கார்ந்த பெண்கள் மாரில் அடித்து ஒப்பாரியை எடுத்தார்கள். எடுத்தவர்கள், செத்தவன் பெயர் வரவேண்டிய இடத்தில் வந்து நின்றார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி நின்றார்கள். பெயரில்லாமல் எப்படி அழுவது? யாரை அழுவது? கடைசியில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விசிறிக் காற்றில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிக்கனிக்குப் பொறுக்கவில்லை. "ஏ ஆவுடையப்பண்ணே, என்னப் பெத்த அண்ணே, முறுக முறுக புரோட்டா போட்ட ராசாவே!" என்று தனியாளாகக் குரலெடுத்து அழுதாள். ஆவுடையப்பன் பெண்சாதி ஈரமில்லாத கண்ணால் அவளை ஏறிட்டுப் பார்த்து, "அது யாரு?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பாலத்தைத் தாண்டி நடந்து வரும்போதே பேச்சிக்கனி முடிவு செய்துவிட்டாள். நேரே மாடிக்கு ஏறினாள்.

"சார், பரீட்சைல என் பேரைத்தான் எழுதப் போறேன். நம்ம தெருவத்தான் எழுதப் போறேன்."

செல்வினுக்கு முகம் செத்துவிட்டது. "யக்கா, கடிதத்துக்கு உள்ள மார்க் மட்டும் போகாது, பேப்பர் பூராம் போயிரும். உங்களுக்கு வெறி கிறி பிடிச்சிருக்கா? சத்துணவு வேலை கண்ணு முன்னால நிக்கு."

"நிக்கட்டும்."

"ஒரு மூணு எழுத்து எழுதினா என்ன குறைஞ்சிரும்?"

"ஆவுடையப்பண்ணனுக்குக் குறைஞ்சதைப் பாத்துட்டுத்தான் வாரேன். சும்மா சொல்லுங்க சார், நான் பெயிலானா ஒங்க போர்டு என்னாகும்னுதான யோசிக்கிய?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதும்தான்" என்றான். "அந்த ஊர்ல டியூசனுக்குன்னே ஏசி ஹால் ஒண்ணு சும்மா கிடக்குக்கா. நானும் போயிரலாம்னு இருந்தேன்."

"போங்க. போயி செல்வின் டியூசன் சென்டர்னு எப்பிடி போர்டு மாட்டுதியன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பங்குனி வெயிலில் தேர்வு நடந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் கண்ணாடி போட்ட, பயந்த சுபாவமுள்ள ஒரு டீச்சர். மேசை மேசையாக மெத்தென்று நடந்து போவார், பிள்ளைகள் தும்மினால்கூட அவர்தான் திடுக்கிடுவார். வினாத்தாளில் கடிதம் வந்தது, தண்ணீரேதான் வந்தது. அறை முழுக்கப் பேனாக்கள் ஒரே நேரத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று கீறுகிற சத்தம் பேச்சிக்கனிக்குக் கேட்டது, கரையான் அரிப்பது போலக் கேட்டது. அவள் அனுப்புநர் இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மூன்றாம் தெரு, அளத்துமேடு என்று எழுதினாள். அதற்கப்புறம் உருப்போட்ட கடிதம் வரமாட்டேன் என்றது. வணக்கத்துக்குரிய, தயவுகூர்ந்து, தங்கள் மேலான கவனத்துக்கு என்கிற சொற்களெல்லாம் வாசலோடு நின்றுகொண்டன. தனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச இங்கிலீஷை வைத்து, தட்டுத் தடுமாறி, எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை, நாங்கள் உப்பு எடுக்கிறோம், நீங்கள் சாப்பிடுகிறீர்கள், எங்களுக்குத் தண்ணீர் வேண்டும், நான் பேச்சிக்கனி, வந்து பார் என்று எழுதினாள்.

கண்ணாடி டீச்சர் அவள் மேசையருகே வந்து நின்றுவிட்டார். "அம்மா, அதை அடிச்சிருங்க" என்று கிசுகிசுத்தார். "இன்னும் நேரமிருக்கு. பேரை அடிச்சிட்டு எக்ஸ் போட்டிருங்க. நான் பாக்காத மாதிரி போயிடறேன்."

"நீங்க பாருங்க டீச்சர். பாக்கத்தான எழுதியிருக்கேன்" என்றாள் பேச்சிக்கனி.

அவள் குரல் கேட்டுத் தலைமைக் கண்காணிப்பாளர் வந்தார், தாளை வாங்கினார், சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார், ஏன் அடையாளத்தை வெளிப்படுத்தினாய் என்று விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் தமிழில் எழுதினாள்: 'அது என் பேரு. கேக்குறது நான்தான்.'

அளத்துமேடு மூன்றாம் தெருவில் ஒரு குழாய் உண்டு. எந்தத் தேர்தலுக்கோ நட்டு, எந்தக் குழாயோடும் இணைக்காமல் விட்டுப் போன குழாய். சொர்ணம் மதினி அதில் ஆடு கட்டுவாள். பேச்சிக்கனி தேர்வு எழுதிவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கிய நேரத்துக்கு அந்தக் குழாய் இருமியது. ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. குழாய் துருவைத் துப்பியது, எறும்புக் கூட்டைத் துப்பியது, ஒரு பல்லியை உயிரோடு துப்பியது, பிறகு தண்ணீரைக் கொட்டியது. மதினி ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்து, "ஏ பேச்சிக்கனி, இனிக்குட்டி!" என்று தெருவே அதிரக் கத்தினாள். அதே நேரத்தில் ஓடைக்கு அப்பால் அந்த ஊர்க் குழாய்களில் காற்று மட்டும் வந்தது.

காற்றைக் குடித்து எத்தனை நாள் இருப்பது? போனவர்கள் குடத்தோடு பாலத்தைத் தாண்டி ஒவ்வொருவராக வந்தார்கள். பேச்சிக்கனி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றாள். "பேரைச் சொல்லிட்டுப் பிடிங்க" என்றாள். சிலருக்கு உடனே வந்தது, சிலருக்கு அம்மா பெயர் வந்து அப்புறம் தன் பெயர் வந்தது. ஆவுடையப்பன் பெண்சாதிக்குத் தன் பெயர் வரவில்லை, புருஷன் பெயர்தான் வந்தது, வந்ததும் குடத்தைப் போட்டுவிட்டு, அன்றைக்கு அழாததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். தவசி கடைசியாக வந்தான். தன் பெயரைச் சொன்னான்.

"அது சரி. என் பேரைச் சொல்லுங்க."

அவன் விழித்தான். "ஏட்டி..." என்றான்.

"அது என் பேரு இல்ல."

வெயிலில், வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்குடத்தோடு அவன் வேர்த்து வழிந்தான். அவள் இரங்கவில்லை, குழாயை மூடிக்கொண்டு நின்றாள். "பேச்சி" என்று தொடங்கி, உதட்டைக் கடித்து, "பேச்சிக்கனி" என்று அவன் முடித்தபோது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அதை முதன்முதலாகக் கேட்ட அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குழாயைத் திறந்துவிட்டாள்.

வைகாசியில் முடிவு வந்தது. அவள் எண்ணுக்கு நேரே ஒரு கோடு. சத்துணவு வேலைக்கு இப்போதைக்கு ஆள் வேண்டாம், தேறி வந்தால் அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். அவள் பாயில் குப்புறக் கிடந்து ஒருநாள் முழுக்க அழுதாள், மறுநாள் அளத்துக்குப் போனாள். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வழி தெரிந்தபின் அளத்துமேடு உட்கார்ந்து பேசியது. ஒருவர் பேப்பர் போனால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் என்றால், இன்னொருவர் பேப்பர் போனால் விளக்கும் வரத்தானே வேண்டும்? மேலே படிக்க அவசரமில்லாதவர்கள் முதலில், மற்றவர்கள் பிறகு என்று முறை வகுத்தார்கள். ஆனித் தேர்வில் மதினியின் மகள் தன் பெயரை எழுதி விளக்கைக் கொண்டுவந்தாள். அவள் முடிவு வந்தபோது மேளம் கொட்டினார்கள், மாலை போட்டார்கள். "என் மவ பெயிலு!" என்று மதினி தெருத்தெருவாக மிட்டாய் கொடுத்தாள். ஓடைக்கு அப்பால் அந்த ஊர் கம்பம் கம்பமாக இருண்டு கொண்டே வந்தது. செல்வின் தன் பலகையை இறக்கி, 'நூற்றுக்கு நூறு' என்பதைச் சுண்ணாம்பால் அழித்துவிட்டு, எழுதியவர் பெயரையும் வந்த பொருளையும் போட ஆரம்பித்தான்.

புரட்டாசித் தேர்வுக்கு மறுபடி பேச்சிக்கனி கிளம்பினாள். "இந்தத் தடவ நீ எக்ஸ் போட்டுப் பாஸாயிரு" என்று ஊரே சொல்லியனுப்பியது. "ஒன் மொறை முடிஞ்சிட்டு. வேலையைப் பாரு." அவளும் அப்படித்தான் நினைத்துப் போனாள். பாதம் எரிகிறது, கண் எரிகிறது, யாருக்குத்தான் கரையேற ஆசையில்லை? வினாத்தாளில் தண்ணீர்தான் வந்திருந்தது. அனுப்புநர் இடத்தில் ஒரு எக்ஸ் போட்டாள். இரண்டாவதைத் தொடங்கும்போது மேசை மேல் நிழல் விழுந்தது. அதே கண்ணாடி டீச்சர்.

"நீங்கதானே அந்த அளத்துமேட்டு அம்மா?" குரல் எழும்பவில்லை. "எங்க தெருவுல ரெண்டு வருஷமா தண்ணி இல்லம்மா. ஆபீசுல எழுதிக் குடுத்தேன், நேர்ல போய் நின்னேன், ஒண்ணும் நடக்கல. இங்க எழுதினா வருதுங்கறாங்க." தெருப் பெயரைச் சொன்னார். "அதை மட்டும் போட்டிருங்களேன்."

பேச்சிக்கனி நிமிர்ந்து பார்த்தாள். அடித்துவிடு என்று சொன்ன அதே வாய். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே, குடத்தோடு வரிசையில் நிற்கிற எல்லாப் பெண்களின் முகமும் இந்த முகத்தில் தெரிந்தது.

"தெருவ மட்டும் எழுதினா வராது டீச்சர். ஒங்க பேரைச் சொல்லுங்க."

"என் பேரா?" டீச்சர் கதவைப் பார்த்தார், தாழ்வாரத்தில் நடக்கிற கண்காணிப்பாளரைப் பார்த்தார். "என் வேலை போயிரும்மா."

"என் வேலையும்தான் போவுது."

விசிறி சுற்றியது. பேனாக்கள் அரித்துக்கொண்டிருந்தன. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில், "ஹெலன் சாந்தகுமாரி" என்று சொன்னார்.

பேனாக்கள் நின்றன. பேச்சிக்கனி தான் போட்ட ஒற்றை எக்ஸை நன்றாக அடித்தாள். அதன் கீழே முதலில் தன் பெயரை எழுதினாள், அடுத்த வரியில் டீச்சர் பெயரை எழுதினாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யக்கா, எங்க தெரு..." என்று தொடங்கியது.

"பேரைச் சொல்லிட்டுப் பேசு" என்றாள் பேச்சிக்கனி, தலை நிமிராமல்.